மேலே குழைவு, கீழே அதட்டல்: இது இல்லாமல் டெல்லியில் காலம் தள்ள முடியுமா?

பொன்மலைக்காரி:

வணக்கம். திருச்சியிலிருந்து மாற்றலாகி டெல்லி வந்தவள் நான். மத்திய அரசு அலுவலகம், எந்தத் துறை என்பது இங்கே வேண்டாம். வந்த நாளிலிருந்து ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருக்கிறது, இங்கே பலருக்கு இரண்டு குரல். எங்கள் பிரிவில் ஒருவர், ஜாயின்ட் செக்ரட்டரி அறையிலிருந்து போன் வந்தால் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுதான் பேசுவார். அந்தப் பக்கம் இருப்பவருக்கு இவர் நிற்பது தெரியப்போவதில்லை, இருந்தாலும் நிற்பார். போனை வைத்த கையோடு டீ கொண்டு வருபவரை ஹிந்தியில் 'தூ', அதாவது நீ, என்று ஒருமையில் விரட்டுவார். டீ கொண்டு வருகிறவர் சீக்கிரம் ரிட்டயர் ஆகப்போகிற மனிதர். ஆறாவது சம்பளக் கமிஷனோடு பியூன் என்ற பதவியே போய்விட்டது, குரூப் டி முழுக்க குரூப் சி ஆகி எம்டிஎஸ், மல்டி டாஸ்கிங் ஸ்டாஃப், என்று பெயர் வந்துவிட்டது. ஆனால் காலிங் பெல்லும் அதை அடிக்கிற விதமும் அப்படியே இருக்கின்றன.

நான் அவரிடம் 'ஆப்', அதாவது நீங்கள், போட்டுத்தான் பேசுகிறேன், பெயரோடு ஜி சேர்க்கிறேன், ஃபைலோடு வந்தால் உட்காருங்கள் என்கிறேன். அவர் உட்கார மாட்டேன் என்கிறார், நெளிகிறார். பக்கத்து சீட்டுக்காரர்கள் "மேடம் புதுசு, போகப் போகச் சரியாகிவிடுவார்" என்று சிரிக்கிறார்கள். உபசாரம் செய்து அவரை மாட்டிவிடுகிறேனோ என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

வீட்டுக்கு வந்தால் அது வேறு. வேலைக்கு வரும் அம்மாவும் தமிழ்தான். என் மாமியார் அவருக்கென்று ஒரு டம்ளரைத் தனியாக ஜன்னல் ஓரம் கவிழ்த்து வைத்திருக்கிறார். எட்டு வயதுப் பையன் மற்ற பிள்ளைகளைப் பார்த்து, கேட்டில் நிற்கும் பெரியவரை "ஏ கார்ட்" என்று கூப்பிடப் பழகியிருக்கிறான்.

கேள்வி இதுதான். பெரியவர் சின்னவர் பார்க்காமல் எல்லோரையும் ஒரே மாதிரி மதிப்பதை, நாடகமாக ஆகாமல், அன்றாடப் பழக்கமாகக் கொண்டு வருவது எப்படி? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். தயவுசெய்து கலாம் கதை வேண்டாம். அவர் மேல் எனக்கும் மரியாதை உண்டு, ஆனால் எங்கள் குடும்ப வாட்ஸாப் குழுவில் அது வாரா வாரம் வந்துவிடுகிறது.

துவாரகா சுபேதார்:

சகோதரி, நான் மெட்ராஸ் ரெஜிமென்டில் ஜேசிஓவாக, அதாவது ஜவானுக்கு மேலே அதிகாரிக்குக் கீழே உள்ள சுபேதார் நிலையில், இருந்து ஓய்வு பெற்றவன். மரியாதை, பதவி இரண்டையும் நீங்கள் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதாகத் தெரிகிறது, அதனால் எங்கள் பக்கத்து வழக்கத்தைச் சொல்கிறேன்.

இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதில் ஒரு பையன் லெப்டினன்டாக யூனிட்டுக்கு வருவான். நாற்பத்தைந்து வயது சுபேதார் அவனுக்கு சல்யூட் அடிப்பார், அடித்தே ஆக வேண்டும். அதே நேரம் அந்தப் பையன் சுபேதாரைப் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாது, 'சாஹிப்' என்றுதான் கூப்பிட வேண்டும், அதுவும் கட்டாயம்தான். உத்தரவு போடுகிறவன் அவன், சாஹிப் என்று அழைக்கப்படுகிறவர் இவர். வெளியிலிருந்து பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். உள்ளே இருப்பவனுக்குத் தெரியும், சண்டை வந்தால் அந்தப் பையன் உயிரோடு திரும்புவதற்கு சுபேதாரின் அனுபவம்தான் காரணமாக இருக்கும், வழக்கமாக வந்தது அதனால்தான். எங்கள் ரெஜிமென்டுக்கு வரும் வடக்கத்தி அதிகாரிகள் தமிழும் கற்றுக்கொள்வார்கள். பஞ்சாப்காரர் ஒருவர் ஜவானின் அம்மாவோடு போனில் தமிழில் தட்டுத்தடுமாறிப் பேசியதை நான் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். என்ன பேசினார் என்று அந்த அம்மாவுக்குப் பாதிதான் புரிந்திருக்கும்.

படாகானா என்று ஒன்று உண்டு. விசேஷ நாட்களில் அதிகாரியும் ஜவானும் ஒன்றாகச் சாப்பிடுவது, அதிகாரிகளே பரிமாறுவார்கள். வருஷத்தில் சில நாள்தான், ஆனால் அது ஒருவருடைய தனிப்பட்ட நல்ல குணத்தை நம்பி நடப்பதில்லை, முறையாக வைத்திருக்கிறார்கள், மூடு சரியில்லாத அதிகாரியும் கரண்டியைப் பிடித்துத்தான் ஆக வேண்டும். டேராடூன் மிலிட்டரி அகாடமியில் அன்றைய தலைமைத் தளபதி சேட்வுட் 1932இல் பேசிய மூன்று வரிகள் இன்றும் சுவரில் இருக்கின்றன. நாட்டின் பாதுகாப்பும் நலனும் முதலில், உன் கீழே இருப்பவர்களின் மானமும் நலனும் சௌகரியமும் அடுத்து, உன் சௌகரியம் எப்போதும் கடைசி. மானம் என்பதை சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் முன்னால் வைத்திருக்கிறார் என்பதை கவனியுங்கள்.

உங்கள் எம்டிஎஸ் பெரியவர் விஷயத்தில், உட்காரச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். அந்த அறையில் அவர் மட்டும் உட்கார்ந்தால் நீங்கள் போன பிறகு ஏச்சு வாங்கப்போவது அவர்தான். வேலை விஷயமாக அவரிடம் அபிப்பிராயம் கேளுங்கள். எந்த ஃபைல் எந்த அறையில் முடங்கிக் கிடக்கிறது என்று அவருக்குத் தெரிந்த அளவு அந்தக் கட்டடத்தில் யாருக்கும் தெரியாது.

முனிர்கா மாடிவீடு:

சுபேதார் ஐயா, எல்லாம் சரி. அதிகாரி வீட்டில் காய்கறி வாங்கவும் நாயை வாக்கிங் கூட்டிப்போகவும் ஜவானை வைத்துக்கொண்டதும் இதே ராணுவம்தானே? சகாயக் முறை பற்றி 2017இல் ஜவான்களே வீடியோ போட்டுப் பெரிய சர்ச்சை ஆனதே.

துவாரகா சுபேதார்:

தம்பி, அது நடந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். சகாயக் என்பது போர்க்களத்தில் அதிகாரிக்குத் துணையாக இருக்க வந்த ஆள். மேம்சாஹிப்புக்கு மளிகை சுமக்க வந்தவன் இல்லை. சில வீடுகளில் அப்படித்தான் ஆகிப்போனது. நல்ல வழக்கம் ஒன்று இருக்கிறது என்பதைத்தான் சொன்னேன், எல்லோரும் உத்தமர்கள் என்று எங்கே சொன்னேன்.

கரோல்பாக் ஸ்டெனோ:

பிட்மன் ஷார்ட்ஹேண்டையும் ஒரு தகரப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு தமிழ்ப் பையன்கள் கிராண்ட் டிரங்க் ரயிலில் வந்து இறங்கிய காலத்து ஆள் நான். அமைச்சகங்களில் பல வகை சாஹிப்களுக்கு டிக்டேஷன் எடுத்திருக்கிறேன், அந்த அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன் அம்மா, நீ கீழே பார்ப்பதை நிறுத்திவிட்டு முதலில் மேலே பார்.

உன் பிரிவில் போனுக்கு எழுந்து நிற்கிறாரே, வியாதி அங்கேதான். மேலே இருப்பவனுக்கு முன்னால் தன்னை அவ்வளவு சுருட்டிக்கொள்கிறவன் இழந்ததை எங்கேயாவது வசூல் செய்தாக வேண்டும், வசூலாகிற ஒரே இடம் டீ கொண்டு வருகிற ஆள். கீழே இருப்பவர்களிடம் இனிமையாகப் பேசக் கற்றுக்கொடுத்தால் போதும் என்று நினைக்கிறோம். மேலதிகாரியின் பையைத் தூக்காமல் இருக்க, கார்க் கதவைத் திறந்துவிடாமல் இருக்க, மட்டமான ஜோக்குக்கு விழுந்து விழுந்து சிரிக்காமல் இருக்க யாரும் கற்றுக்கொடுப்பதில்லை. எல்லோருக்கும் ஒரே அளவு மரியாதை என்றால் சில பேருக்குக் கூட்ட வேண்டும், சில பேருக்குக் குறைக்க வேண்டும், கணக்கு அப்படித்தான் நேராகும். குறைப்பதுதான் கஷ்டம், அதில் மேலதிகாரி எழுதும் ரகசிய அறிக்கை, நாங்கள் சி.ஆர். என்போம், கெட்டுவிடும் என்ற பயம் இருக்கிறது. எனக்கும் அந்த பயம் இருந்தது, யாருக்குத்தான் இல்லை. 'குட் மார்னிங் சார்' வரை போவேன், அதற்கு மேல் போகமாட்டேன் என்று ஒரு கோடு போட்டுக்கொண்டேன். புரமோஷன் தாமதமானதா என்றால், எல்லோருக்கும் தாமதமான மாதிரிதான் ஆனது.

இந்த ஊரின் சுபாவம் அது. 2017 மே 1 முதல் மந்திரிகளின் கார்களில் சிவப்பு விளக்கு கூடாது என்று எடுத்தார்கள், நல்ல காரியம். விளக்கு போனது, 'பாரத் சர்க்கார்' ஸ்டிக்கர் சொந்த மாருதி வரைக்கும் வந்துவிட்டது. நாற்காலி முதுகில் வெள்ளைத் துண்டு போடுவதற்கு எந்த விதியில் இடம் இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை தெரியாது, ஆனால் துண்டு இல்லாத நாற்காலியில் ஒரு பெரிய சாஹிபை உட்காரச் சொல்லிப் பாருங்கள்.

இன்னொன்று, தமிழர்களுக்கே உரியது. நாம் ஹிந்தியை மார்க்கெட்டில் கற்றோம், 'தும்' என்றும் 'கரோ' என்றும், நீ, செய் என்கிற மாதிரி, கற்றோம். அறுபது வயது ரிக்‌ஷாக்காரரிடமும் அதையே பேசுகிறோம், கேட்டால் ஹிந்தி இலக்கணம் தெரியாது என்கிறோம். அதே ஆள் டைரக்டர் முன்னால் மட்டும் பிசகாமல் 'ஆப்' போடுகிறானே, அந்த இலக்கணத்தை எங்கே படித்தான்?

கடைசியாகக் கல்யாணம். ஆர்.கே.புரத்திலோ மயூர் விஹாரிலோ நம்மவர் வீட்டுக் கல்யாணம் என்றால் வெளியே கார் வரிசையில் டிரைவர்கள் நிற்பார்கள், எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு அவர்களுக்குப் பொட்டலம் போகும். என் பெண் கல்யாணத்தில் சமையல்காரரிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன், டிரைவர்களையும் கணக்கில் சேர்த்து இலை போடு, பந்தியில் எங்கே இடம் இருக்கிறதோ அங்கே உட்காருவார்கள். சம்பந்தி வீட்டில் ஒருவர் முகம் சுளித்தார். அவர் மூன்றாவது பந்தியில் சாப்பிட்டார், பாயசம் கொஞ்சம் ஆறிப்போயிருந்தது, அவ்வளவுதான்.

ஓல்ட் ராஜிந்தர் நகர் 4வது அட்டெம்ப்ட்:

தாத்தா, அந்த மூன்றாவது பந்திக்காக உங்களுக்கு ஒரு சல்யூட்.

நான் யுபிஎஸ்சி படிக்கிற கோஷ்டி. 2013லிருந்து மெயின்ஸில் நெறிமுறைக்கு என்று ஒரு தனித் தாள், பொதுப் படிப்பு நான்காம் தாள், 250 மார்க். நலிந்தோரிடம் கருணை, பச்சாதாபம் எல்லாம் சிலபஸிலும் கேஸ் ஸ்டடியிலும் வரும். "நீங்கள் ஒரு மாவட்ட ஆட்சியர், உங்கள் அலுவலகத்துக்கு ஒரு ஏழை மூதாட்டி வருகிறார்" என்று ஆரம்பிக்கும். எங்கள் லைப்ரரியில் அந்தக் கேள்விக்குப் பத்து நிமிஷத்தில் கண்ணீர் வரவழைக்கிற பதில் எழுதுவார்கள். எழுதி முடித்து வெளியே வந்து, டிஃபின் கொண்டு வரும் பையன் பத்து நிமிஷம் லேட் என்று தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்துவார்கள். அந்தப் பையன் நாலு மாடி ஏறி வருகிறான், இங்கே எந்தப் பிஜி விடுதியிலும் லிஃப்ட் கிடையாது. நாளைக்கு இந்த ஊரையும் மற்ற ஊர்களையும் நிர்வாகம் செய்யப்போகிறவர்கள் நாங்கள்தான், சந்தோஷப்படுங்கள்.

அக்கா, நீங்கள் கேட்ட பழக்கம் என்ற விஷயத்துக்கு எனக்குத் தெரிந்த இடம் பங்களா சாஹிப் குருத்வாரா. ஆரம்பத்தில் போனது சோறு ஃப்ரீ என்பதால்தான், மறைக்க ஒன்றுமில்லை, மாசக் கடைசியில் ராஜிந்தர் நகர் பாதிப் பேர் அங்கேதான். எட்டாவது குரு ஹர் கிருஷண் 1664இல் டெல்லி வந்தபோது தங்கிய இடம், அப்போது ராஜா ஜெய்சிங்கின் மாளிகை. லங்கர் என்கிற இலவசப் பொதுப் பந்தியில் எல்லோரும் தரையில் வரிசையாக உட்கார வேண்டும், ரொட்டியை இரண்டு கையையும் ஏந்தித்தான் வாங்க வேண்டும். அக்பரே வந்தாலும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்ட பிறகுதான் மூன்றாவது குரு அமர்தாஸைப் பார்க்க முடிந்தது என்று சீக்கியர்கள் சொல்வார்கள்.

லங்கர் எல்லோருக்கும் தெரியும். நான் சொல்ல வந்தது ஜோடா கர், செருப்பு வாங்கி வைக்கிற இடம். அங்கே வேலை செய்கிறவர்கள் சம்பள ஆட்கள் இல்லை, சேவைக்கு வருகிறவர்கள். பெரிய கார்களில் வருகிறவர்களும் கவுன்டருக்குப் பின்னால் நின்று ஊரார் செருப்பைக் கையில் வாங்கி அடுக்கி டோக்கன் கொடுக்கிறார்கள். நானும் சில ஞாயிறு நின்றிருக்கிறேன். கவுன்டருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் மனுஷனைப் பற்றி நிறைய தெரிகிறது. சிலர் செருப்பைக் குனிந்து எடுத்துக் கையில் கொடுப்பார்கள், சிலர் காலாலேயே தள்ளிவிடுவார்கள். தள்ளுகிறவர்கள் எல்லாம் பணக்காரர்கள் என்று எழுத ஆசைதான், ஆனால் அப்படி இல்லை, எல்லா வகையிலும் இருக்கிறார்கள்.

முனிர்கா மாடிவீடு:

ஞாயிற்றுக்கிழமை செருப்பு அடுக்கிவிட்டுத் திங்கட்கிழமை டிரைவருக்கு லீவு தராதவர்களும் அந்தக் கவுன்டரில் நிற்கிறார்கள் தம்பி. எனக்குத் தெரிந்த ஒரு கடை முதலாளி அப்படி. பணிவு அவருக்கு ஒரு வாராந்தர ஷாம்பு.

சீக்கியர்களே இதைத் தண்டனையாகவும் கொடுக்கிறார்கள். 2024 டிசம்பரில் பஞ்சாபின் முன்னாள் துணை முதல்வர் சுக்பீர் சிங் பாதலுக்கும் அவர் கட்சித் தலைவர்களுக்கும் சீக்கியர்களின் உச்ச மத பீடமான அகால் தக்த் கொடுத்தது அதுதான், கழுத்தில் பலகை மாட்டிக்கொண்டு பொற்கோயில் வாசலில் காவல், பாத்திரம் தேய்ப்பது, கழிப்பறை சுத்தம். பார்க்க உருக்கமாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். கழிப்பறை கழுவுவது பெரிய மனிதருக்குத் தண்டனை என்றால், தினமும் அதைச் செய்கிறவர் எதற்காகத் தண்டனை அனுபவிக்கிறார்?

மரியாதை, பணிவு என்று பேசுகிற எல்லோரும் சம்பளத்தைப் பற்றிப் பேசுங்கள். வாரத்தில் ஒரு நாள் லீவு, வருஷத்துக்கு ஒரு உயர்வு, தீபாவளிக்கு ஒரு மாத போனஸ். வீட்டு வேலை செய்கிறவர்களுக்கு நாடு முழுமைக்கும் ஒரு தனிச் சட்டம் கிடையாது, 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே அதைச் சுட்டிக்காட்டி ஒரு குழு அமைக்கச் சொன்னது. அதுவரை நம் வீட்டுக்குள் நாம்தான் சட்டம். 'ஆப்' என்று கூப்பிட்டுக்கொண்டே சம்பளத்தைப் பத்தாம் தேதி கொடுப்பவர்களை எனக்குத் தெரியும்.

அப்புறம் அக்கா, ஜன்னல் ஓர டம்ளரை மாமியார் பழக்கம் என்று மென்மையாக எழுதியிருக்கிறீர்கள். அதன் பெயர் இரட்டைக் குவளை. ஊரில் டீக்கடையில் வைத்தால் குற்றம் என்று 1955லேயே சட்டம் வந்துவிட்டது.

ஜங்புராவில் வளர்ந்தவள்:

நான் பொதுவாக இங்கே படிப்பதோடு சரி, எழுதுவதில்லை. டம்ளர் என்று வந்ததால் எழுதுகிறேன்.

நான் மதராஸி கேம்ப்பில் பிறந்து வளர்ந்தவள். ஜங்புராவில் பாராபுலா நாலா என்கிற பெரிய வடிகால் ஓரம் இருந்தது, 2025 ஜூன் 1 அன்று இடித்துவிட்டார்கள், நாலாவை அடைக்கிறது என்று ஹைகோர்ட் உத்தரவு. சுமார் 370 வீடுகள், கிட்டத்தட்ட எல்லாம் தமிழ்க் குடும்பங்கள். சிலருக்கு நரேலாவில் ஃப்ளாட் கொடுத்தார்கள், சிலருக்கு அதுவும் இல்லை. நரேலா டெல்லியின் வடக்கு எல்லையில் இருக்கிறது, தெற்கே நிஜாமுதீன் பக்கம் காலை ஆறரை மணிக்குப் பாத்திரம் தேய்க்கிறவள் அங்கிருந்து எப்படி வருவாள்? எங்கள் அம்மா ஜங்புரா பக்கத்திலேயே ஒரு அறை வாடகைக்குப் பிடித்துவிட்டார்.

முனிர்கா அண்ணன் சொன்ன சம்பளம்தான் முதலில், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அது மட்டும் இல்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். இடித்த அன்று சாயங்காலம் அம்மாவுக்கு இரண்டு வீட்டிலிருந்து போன் வந்தது. ஒரு வீட்டில் "நாளைக்கு வருவீங்களா, இல்லை வேற ஆள் பார்க்கட்டுமா" என்று கேட்டார்கள். இன்னொரு வீட்டில் "ராத்திரி எங்கடி படுப்பே" என்று கேட்டார்கள். முதல் வீட்டில் எப்போதும் வாங்க போங்கதான், அம்மாவை ஒருமையில் பேசியதே இல்லை, அம்மாவே பெருமையாகச் சொல்வார். இரண்டாவது வீட்டு அம்மாள் வாயைத் திறந்தால் திட்டு, நான் சின்ன வயதில் அவர்களைப் பார்த்து பயந்திருக்கிறேன். அதனால் எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பதை வைத்து நான் யாரையும் எடை போடுவதில்லை. அதற்காக 'அடி' போட்டுப் பேசலாம் என்று சொல்லவில்லை, அந்த அம்மாள் மாதிரி இன்னொருவரை நான் பார்த்ததும் இல்லை.

எங்களுக்கு எது வலிக்கும் என்று கேட்டால், காத்திருக்க வைப்பது. ஏழு மணிக்கு வரச் சொல்லிவிட்டு, இன்னும் எழுந்திருக்கவில்லை என்று ஏழே முக்கால் வரை படிக்கட்டில் உட்கார வைப்பார்கள். அந்த முக்கால் மணி நேரத்தை அடுத்த மூன்று வீட்டிலும் அம்மா திட்டாக வாங்க வேண்டும். அதே வீட்டில் ஏசி மெக்கானிக் பத்து மணி என்றால் ஒன்பதே முக்காலுக்குக் குளித்துத் தயாராக இருப்பார்கள். பிறகு, விருந்தாளி இருக்கும்போது மட்டும் வருகிற அன்பு. "இவ எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி" என்பார்கள், வீட்டுப் பெண்ணுக்குச் சோபாவில் இடம் இருக்காது. பெயரும் அப்படித்தான், பல போன்களில் என் அம்மா 'மெய்ட் ஜங்புரா'.

தமிழ் வீடுகளைப் பற்றி ஒரு வார்த்தை, கோபப்பட வேண்டாம். "நம்ம ஊர்க்காரி" என்று கூப்பிட்டுச் சேர்த்துக்கொள்வார்கள், அம்மாவுக்கும் ஹிந்தி பேசாமல் வேலை செய்யலாம் என்று சந்தோஷம். ஆனால் நம்ம ஊர்க்காரி என்பதற்காக மாவு அரைத்துக் கொடுக்க வேண்டும், கிருஷ்ண ஜெயந்திக்குச் சீடை உருட்ட வேண்டும், அதையெல்லாம் கூலியில் சேர்க்கமாட்டார்கள், பஞ்சாபி வீட்டில் ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு உண்டு. ஊர்ப் பாசம் எங்களுக்கு எப்போதும் நஷ்டக் கணக்குதான்.

நான் லோதி எஸ்டேட் தமிழ்ப் பள்ளியில் படித்து இப்போது ஒரு ஆஸ்பத்திரியில் பில்லிங்கில் இருக்கிறேன். அதே பழைய வீடுகளில் சிலர் கவுன்டருக்கு வருகிறார்கள், என்னை அடையாளம் தெரியாமல் 'மேடம்' என்கிறார்கள்.

பொன்மலைக்காரி:

ஜங்புரா தங்கை, இரண்டு முறை படித்தேன். டம்ளரை என்ன செய்யட்டும் என்று உங்களிடமே கேட்கிறேன். மாமியாருக்கு எழுபத்தி நாலு வயது, நேராகச் சொன்னால் சண்டை, அதன் பிறகு அந்த அம்மாவின் வேலைக்கே ஆபத்து வந்துவிடும்.

ஜங்புராவில் வளர்ந்தவள்:

அக்கா, சபை கூட்டி எதுவும் செய்யாதீர்கள். முதல் நாளே டைனிங் டேபிளில் உட்கார வைத்து ஃபில்டர் காபி கொடுத்தால் அவருக்குத் தொண்டையில் இறங்காது, அவர் மனதில் அடுத்த வேலை எங்கே தேடுவது என்றுதான் ஓடும். அந்த டம்ளரை எடுத்து மற்ற டம்ளர்களோடு அடுக்கில் போட்டுவிடுங்கள். எல்லாம் எவர்சில்வர்தானே, நாலு நாளில் எது எது என்று யாருக்கும் தெரியாது. காபியை நீங்களே கலந்து, கைக்கு வந்த டம்ளரில் ஊற்றிக் கொடுங்கள். மாமியார் கேட்டால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள், இந்த வீட்டில் அத்தனை டம்ளரையும் கழுவுகிறவர் அவர்தானே, அவர் கை படாத டம்ளர் எது என்று. என் அம்மா இதை ஒரு வீட்டில் மனதுக்குள்ளேயே பல வருஷம் கேட்டுக்கொண்டிருந்தார், நீங்களாவது வாய்விட்டுக் கேளுங்கள்.

கரோல்பாக் ஸ்டெனோ:

அந்தப் பெண் சொன்ன காத்திருக்க வைக்கும் விஷயம் சரியான அடி. மந்திர் மார்க்கில், நம் தமிழ்ப் பள்ளி இருக்கிற அதே சாலையில் வால்மீகி கோயில் இருக்கிறது, துப்புரவுத் தொழிலாளர் குடியிருப்பு. 1946, 47இல் காந்தி அங்கே வந்து மாதக் கணக்கில் தங்கினார், அறையை இன்னும் வைத்திருக்கிறார்கள், நானும் பார்த்திருக்கிறேன். பிரிட்டிஷ் அரசின் ஆட்களும் காங்கிரஸ் தலைவர்களும் அவரைப் பார்க்க அந்தக் குடியிருப்புக்குள் வந்தார்கள். காந்தி அங்கே இருந்ததால் அந்த ஜனங்களுக்கு என்ன மாறியது என்று கேட்டால், அதிகம் மாறவில்லை என்றுதான் நான் சொல்வேன். ஆனால் யார் யாரைத் தேடிப் போவது என்பதைக் கொஞ்ச காலம் தலைகீழாக்கிக் காட்டினார்.

அம்மா, நீ அலுவலகத்தில் செய்யக்கூடியது அதுதான். பெல் அடிக்காதே, எழுந்து போய்க் கூப்பிடு. உன் டீயை நாலு நாளைக்கு நீயே போய் எடுத்துக்கொள். சிரிக்கிறவன் ஒரு வாரம் சிரிப்பான், அப்புறம் வேறு ஆள் கிடைத்துவிடும்.

துவாரகா சுபேதார்:

பையன் விஷயத்தை எல்லோரும் விட்டுவிட்டீர்கள். அவனுக்கு உபதேசம் செய்யாதீர்கள் சகோதரி, எட்டு வயதில் அது ஏறாது. கேட்டில் நிற்கும் பெரியவரின் பெயரை அவனையே கேட்டு வரச் சொல்லுங்கள், எந்த ஊர், வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டு வந்து உங்களிடம் சொல்லட்டும். பெயர் தெரிந்த பிறகு 'ஏ கார்ட்' வாயில் வராது. பன்னிரண்டு மணி நேர ட்யூட்டி, அந்தக் கூண்டில் ஃபேன் இருக்கிறதா, அவருக்குக் கழிப்பறை எங்கே என்று சொசைட்டி மீட்டிங்கில் கேட்பது உங்கள் வேலை. எங்கள் அப்பார்ட்மென்டில் ஜூன் மாதத்தில் கேட்டேன், ஃபேன் வந்தது. கழிப்பறைக்கு இன்னும் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது, செயலாளர் என்னைப் பார்த்தால் லிஃப்டை விட்டுப் படியில் இறங்குகிறார்.

பொன்மலைக்காரி:

எல்லோருக்கும் நன்றி. டம்ளர் அடுக்குக்குப் போய்விட்டது, மாமியார் இன்னும் கவனிக்கவில்லை, அல்லது கவனித்தும் பேசாமல் இருக்கிறார், எனக்குப் புரியவில்லை. முனிர்கா தம்பிக்கு, சம்பளம் இனி மாதம் ஒன்றாம் தேதி, வாரத்தில் ஞாயிறு லீவு என்று சொல்லிவிட்டேன்.

ராஜிந்தர் நகர் தம்பி, ஒரு சந்தேகம். அந்த ஜோடா கர், லங்கர் வேலைக்கெல்லாம் சிறு பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா? முன்னாலேயே பேர் கொடுக்க வேண்டுமா?

ஓல்ட் ராஜிந்தர் நகர் 4வது அட்டெம்ப்ட்:

பேர் கீர் எதுவும் வேண்டாம் அக்கா, போய்ச் சேர்ந்துகொள்ள வேண்டியதுதான். பட்டேல் சௌக் மெட்ரோவில் இறங்கினால் நடக்கிற தூரம். தலையை மூடத் துணி வேண்டும், இல்லாவிட்டால் அங்கேயே தருவார்கள். பையனைச் செருப்புப் பக்கம் இப்போதைக்கு வேண்டாம், கவுன்டர் அவன் உயரத்துக்கு மேலே இருக்கும். சப்பாத்தி உருட்டுகிற இடத்தில் பிள்ளைகள் நிறைய பேர் இருப்பார்கள், யார் பக்கத்தில் உட்கார்ந்தாலும் கட்டையைக் கையில் கொடுத்துவிடுவார்கள். வட்டமாக வராவிட்டாலும் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள், என்னுடையது இன்னும் ஸ்ரீலங்கா மேப் மாதிரிதான் வருகிறது. கூட்டம் ஆகாது என்றால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் போகாதீர்கள்.